எப்போது வலிக்கிறது என்று கேட்டார்கள், அம்மா

என் தங்கமான அம்மாவுக்கு,

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன், என்னால் அடக்க முடியவில்லை. இன்று காலை போர்வையைத் துவைத்து, நானே முறுக்கிப் பிழிந்து, கொடியில் போட்டேன்! நம் கூக்கால் மலைப் பனிமூட்டத்தில் அது எப்போது காயுமோ, அது வேறு கதை.

உனக்கு வந்த அதே முடக்குவாதம் எனக்கும் வந்துவிட்டதம்மா. தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை! டாக்டர் கொடுத்த மாத்திரையில் வீக்கம் வடிந்தது, வலி மட்டும் போகவில்லை. அதனால் கொடைக்கானலில் பிசியோதெரபிக்கு அனுப்பினார்.

அங்கே செல்வி என்று ஒரு பெண். ரப்பர் நுனியும், அளவு காட்டும் முள்ளும் வைத்த ஒரு கருவியால் என் கட்டைவிரலை மெல்ல அழுத்தி, வலித்தால் சொல்லச் சொன்னாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பூண்டுக் காட்டில் பனியிலே நின்ற உடம்பு, இதற்கெல்லாம் கத்துமா? என் கண்ணில் நீர் முட்டியதும் அவளே கருவியை எடுத்துவிட்டாள்.

"எம்புட்டுத் தாங்குவீங்கன்னு கேக்கலக்கா. எப்ப வலிக்க ஆரம்பிக்குதுன்னுதான் கேட்டேன்."

இந்த ஐம்பது வயது வரைக்கும் என்னிடம் அதை யார் கேட்டார்கள்? உன்னிடம்தான் யார் கேட்டார்கள்?

வலி நாள்பட்டால் நரம்புக்கு உணர்ச்சி கூடிவிடுமாம். சும்மா தொட்டாலே அடித்த மாதிரி இருக்குமாம். செல்வி ஒவ்வொரு மூட்டையும் பூனைக்குட்டியைத் தூக்குகிற மாதிரி பிடித்து, மெதுவாக அசைத்துவிட்டாள். முதல் நாள் எனக்குச் சிரிப்புதான் வந்தது. இந்தத் தடவலுக்கா வெள்ளனே எழுந்து பஸ் பிடித்து வந்தோம் என்று நினைத்தேன். ஆனாலும் மாத்திரையையும் விடவில்லை, அவளையும் விடவில்லை.

போன வாரம் மறுபடி அதே கருவி, அதே விரல். முள் முன்னைவிட எவ்வளவோ தள்ளிப் போன பிறகுதான் வலிக்கிறது என்றேன். பொய்யில்லை அம்மா, பல்லைக் கடிக்கவே இல்லை! செல்வி கைதட்டினாள். நானும் தட்டினேன், இந்தக் கையால்!

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் உன் ஞாபகம் வந்து அழுதேன். உன் கடைசிக் காலத்தில், வலிக்க வலிக்கத் தேய்த்தால்தான் வாதம் இறங்கும் என்று, தைலத்தைப் போட்டு என் பலத்தையெல்லாம் உன் விரலில் காட்டினேனே. "போதும் தாயி, விட்டுரு" என்றாய். நீ நடிக்கிறாய் என்று நினைத்தேன். விடவில்லை.

இனி என் கைக்குள் யார் கை இருந்தாலும், முகம் சுளிக்கும் முன்பே கேட்பேன். போதும் என்றால் அந்த நொடியே விட்டுவிடுவேன். இது உன்மேல் சத்தியம்.

உன் சொல்பேச்சு கேளாத மூத்த மகள்,
பாப்பாத்தி