நீ எந்த முனுசாமியின் பேரன்?

பங்காளி,

நேற்று பொங்கலுக்கு வேட்டி எடுக்கக் கட்கி பஜாருக்குப் போயிருந்தேன். கடைக்காரர் ஒரு வேட்டியை உதறி விரித்தார். புதுத்துணியின் கஞ்சி வாசனை குப்பென்று மூக்கில் ஏறியதும் வேட்டி வாங்கும் நினைப்பே போய்விட்டது. "க்யா ஹுவா, அண்ணா?" என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் பக்கத்துச் சாய்க் கடையில் போய் உட்கார்ந்தேன். வாங்கிய சாய் கையிலேயே ஆறிப்போனது.

'பங்காளி' என்று தொடங்கிவிட்டேன். நீ போன பிறகாவது அப்படிக் கூப்பிடலாம் அல்லவா? கடைசி ஏழெட்டு வருடங்கள் உன்னைச் 'சம்பந்தி' என்றும் 'நீங்க' என்றும்தான் கூப்பிட்டேன். அது என் வீட்டுக்காரி போட்ட சட்டம். இதை அவள் படிக்கப் போவதில்லை என்பதால் பயமில்லாமல் எழுதுகிறேன்.

நாம் முதன்முதலில் பேசியது ஃபாக்டரி கான்டீன் வரிசையில். என் தமிழைக் கேட்டு நீ திரும்பினாய். "எந்த ஊருப்பா?" என்றாய். போளூர்ப் பக்கம் என்றேன். ஊர்ப் பெயரைச் சொன்னதும் உன் கண் விரிந்தது. "தாத்தா பேரு?" "முனுசாமி." நீ தட்டை வைத்துவிட்டு என் தோளைப் பிடித்து உலுக்கினாய். "என் தாத்தாவும் அதே ஊரு முனுசாமிதான்யா! அப்போ நீ என் பங்காளி!"

அந்த ஊரில் முனீஸ்வரன் கோயில் இருப்பதும், அதனால் வீட்டுக்கு ஒரு முனுசாமியும் ஒரு முனியம்மாவும் இருப்பார்கள் என்பதும் நமக்கு அப்போது உறைக்கவில்லை. தாத்தா பெயர் பேரனுக்கு, அவன் பெயர் அவன் பேரனுக்கு என்று ஊரே ஒரே பெயரில் சுற்றிக்கொண்டிருந்தது. நாம் இருவரும் புனாவில் பிறந்தவர்கள். இதையெல்லாம் கேட்க வேண்டிய வயது நமக்கு வருவதற்குள் அப்பாக்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கூடப் பிறந்தவன் இல்லாத எனக்குப் 'பங்காளி' என்ற சொல் காதுக்கு இனிப்பாக இருந்தது. அவ்வளவுதான்.

காலையில் கேட்டில் நுழையும்போதே உன் குரல் வரும். "இன்னா பங்காளி, மீசை முன்னால வருது, நீ பின்னால வர்ற!" நம் செக்‌ஷனில் இருந்த மராட்டிக்காரர்கள் அதுதான் என் பெயர் என்று நினைத்து 'பங்காளி சாஹேப்' என்றே கூப்பிட்டார்கள். போபோடியில் உன் சந்து முழுக்க, தாபோடியில் என் சந்து முழுக்க, நாம் ஒரே வம்சத்துப் பிள்ளைகள் என்று நாமே தண்டோரா போட்டு வைத்திருந்தோம்.

தொண்ணூறுகளின் கடைசியில் அது நம் தலையிலேயே வந்து விடிந்தது. உன் ரமேஷும் என் செல்வியும் சிவாஜிநகரில் ஒரே கம்ப்யூட்டர் கிளாஸுக்குப் போனார்கள். ஒருநாள் செல்வி வீட்டில் விஷயத்தைச் சொன்னாள். என் வீட்டுக்காரி கரண்டியோடு வெளியே வந்தாள். "பங்காளி பங்காளின்னு கூவிகினு இருந்தியே, இப்ப அண்ணன் தங்கச்சிக்குத் தாலி எடுத்துக் குடுக்கப் போறியா?" என்று என்னைத்தான் கேட்டாள். பிள்ளைகளைக் குற்றம் சொல்ல முடியவில்லை. அவர்கள் நம் இருவரையும் 'அங்கிள்' என்று கூப்பிட்டு வளர்ந்தவர்கள். அந்தச் சொல்லுக்குச் சித்தப்பன் முறையும் கிடையாது, மாமன் முறையும் கிடையாது.

செல்வி அழவில்லை. "அப்பா, நெஜமாவே பங்காளின்னு பக்காவா தெரிஞ்சா நான் வுட்டுடறேன். தெரியாமலே வுடச் சொல்லாத" என்றாள். அதை உன்னிடம் வந்து சொன்னேன். "கேக்கறது நாயந்தானே" என்றாய்.

அதன் பிறகு வார விடுமுறை எல்லாம் உன் ஸ்கூட்டரில்தான் போயிற்று. ஊருக்கு டெலிபோன் போட்டால் "எந்த முனுசாமி?" என்று அவர்கள் நம்மையே திருப்பிக் கேட்டார்கள். பாட்டி பெயரைச் சொன்னால் தெரியுமோ என்று பார்த்தோம். இரண்டு பாட்டியும் முனியம்மா. கட்கியில் இருந்த நம் ஊர்க்காரர் ஒருவர் இரண்டு முனுசாமிகளும் அண்ணன் தம்பி என்றார். இன்னொருவர், "ரெண்டு முனுசாமி ஏதுப்பா? ஒருத்தர்தான். ரெண்டு பொண்டாட்டி" என்று வெற்றிலையைக் குதப்பியபடி முடித்துவிட்டார். அன்று திரும்பும் வழியில் நீ வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினாய். "அது நெஜமா இருந்தா செல்வி மூஞ்சில எப்பிடி முழிப்பேன்?" என்றாய். என் பெண்ணின் வாழ்க்கைக்காக நீ அப்படித் தவித்தாய் என்பதை நான் எப்படி மறப்பேன்?

வழி கண்டுபிடித்ததும் நீதான். "பேர வுடு பங்காளி. பேரு எல்லார்க்கும் ஒண்ணா கீது. சாவுல யாரு இன்னா செஞ்சாங்கன்னு கேப்போம்" என்றாய். பங்காளி என்றால் தலையும் மீசையும் எடுத்துத் தீட்டுக் காத்திருப்பான். மாமன் மச்சான் என்றால் கோடித்துணி கொண்டுவந்து போட்டிருப்பான். இரண்டையும் ஒருவனே செய்யமாட்டான். உனக்கு அது எப்படித் தோன்றியதோ தெரியாது, எனக்கு இந்த ஜென்மத்தில் தோன்றியிருக்காது.

தேஹு ரோடு டிப்போவில் வேலை பார்த்து ரிட்டயரான கிழவர் ஒருவர், என் அப்பாவோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர், இன்னும் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு லோக்கல் ரயிலில் போனோம். காது மந்தம். கட்டிலில் சம்மணம் போட்டு ரேடியோவை மடியில் வைத்திருந்தார். நீ அவர் காதருகே குனிந்து உன் அப்பா பெயரைச் சொல்லி, "என் தாத்தா முனுசாமி செத்தப்போ இவங்கப்பா ஊருக்குப் போனாரா?" என்று கத்தினாய். உன் தாத்தா செத்தபோது நீ கைக்குழந்தை.

"போனான், போனான். தந்தி வந்துது. நான்தான் கூடப் போய் கட்கி பஜார்ல கோடி வேட்டி வாங்கிக் குடுத்தேன்" என்றார் அவர். "அவன் அத்தைய உங்க வூட்லதானே குடுத்திருந்தாங்க? அத்தை புருசனுக்குக் கோடி எடுக்காம எப்பிடி?"

நீ விடவில்லை. "மொட்டை போட்டுகினு வந்தாரா? நல்லா நெனச்சுப் பாருங்க."

"மொட்டையா? அவன் ஏன் மொட்டை போடறான்? மீசைய முறுக்கிகினு தானே வந்தான்!" அவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "இதே மீசை."

அப்படியென்றால் உன் பாட்டி எங்கள் வீட்டுப் பெண். நாம் பங்காளிகள் இல்லை, மாமன் மச்சான். உன் பையனுக்கு என் பெண் கேட்டுக் கட்டவேண்டிய முறைப்பெண். நான் அந்தக் கிழவரின் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். ஸ்டேஷனில் வடாபாவ் வாங்கி உன் கையில் திணித்தேன். நீ தின்னவில்லை. லோக்கல் சிஞ்ச்வாட், பிம்ப்ரி எல்லாம் தாண்டியும் அது உன் கையிலேயே இருந்தது. காசர்வாடி வந்ததும் சொன்னாய்: "கொயந்தைங்க பொயச்சிக்கிச்சுங்க. எனக்குத்தான் ஒரு பங்காளி போயிட்டான்." நான் சந்தோஷத்தில் இருந்தேன், அதைக் கேட்டுச் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. அதற்குப் பிறகு முறை முறைதான். உன் வீட்டுக்கு வந்தால் எனக்கு நாற்காலி போட்டார்கள். முன்பு உன் பாயில் புரண்டு கிடந்தவன் நான். "வாங்க சம்பந்தி" என்று நீ சொல்லும்போதெல்லாம் உன் உதட்டோரம் லேசாகத் துடிக்கும். கான்டீனில் மட்டும் ஓரிருமுறை மறந்து "பங்காளி" என்று கூப்பிட்டுவிட்டு, சுற்றும் முற்றும் பார்த்தாய். ரிட்டயரானதும் அதுவும் நின்றது.

நெஞ்சுவலி என்று உன்னைக் கொண்டுபோன அன்றே எல்லாம் முடிந்துவிட்டது. போபோடியில் உன் வாசலில் கூட்டம். உன்னைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்கப் போகும் நேரத்தில் முறை சொல்கிற பெரியவர், "பங்காளிங்கல்லாம் இந்தப் பக்கம் வாங்க" என்று குரல் கொடுத்தார். என் கால் தானாக நகர்ந்தது. என் வீட்டுக்காரி பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நீ போயி கோடி வாங்கிகினு வா" என்றாள், மெதுவாகத்தான் சொன்னாள்.

என் அப்பா உன் தாத்தாவுக்கு வாங்கிய அதே பஜாரில் உனக்கு வேட்டி வாங்கினேன். உன் மேல் அதை விரித்துப் போட்டபோது கஞ்சி வாசனை அடித்தது. உன்னைப் பற்றி எவ்வளவோ இருக்க, எனக்குக் கடைசியாக மூக்கில் தங்கியது அதுதான். நாம் பங்காளிகள் இல்லை என்று நிரூபிக்க அந்த அலைச்சல் அலைந்தோமே, உன் வாசலில் நின்றபோது ஒரு நிமிடம், அந்தக் கிழவர் நம்மைப் பங்காளிகள் என்றே பொய் சொல்லியிருக்கக் கூடாதா என்றிருந்தது. செல்வி ரமேஷின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் அந்த நினைப்பை விட்டுவிட்டேன்.

கருமாதி அன்று முளா ஆற்றங்கரையில் உன் தம்பியும், கல்யாணத்தின்போது ஊரில் தேடிக் கண்டுபிடித்த பங்காளிகளும் வரிசையாக உட்கார்ந்து தலையும் மீசையும் எடுத்துக்கொண்டார்கள். மாமனார் முறைக்கு ரமேஷுக்கு நான் உருமாத் தலைப்பாகை கட்டினேன். முறையில் ஒரு குறை வைக்கவில்லை. சாயங்காலம் தாபோடிக்குத் திரும்பும் வழியில், ஸ்டேஷன் பக்கம் இருக்கும் சலூனில் நுழைந்து மீசையை எடுத்துவிடச் சொன்னேன். வீட்டில் கேட்டதற்கு, நரைத்துவிட்டது, நன்றாக இல்லை என்றேன்.

மறுநாள் ரமேஷ் வந்தான். என் முகத்தையே பார்த்தான். பிறகு சிரைத்திருந்த தன் மேலுதட்டை விரலால் ஒருமுறை தடவிக்கொண்டான். "காப்பி குடிச்சீங்களா மாமா?" என்று மட்டும் கேட்டான்.

நேற்று கடைசியில் வேட்டி வாங்காமலே வந்துவிட்டேன். இருக்கிற பழையதைத் துவைத்துக் கட்டிக்கொண்டால் போகிறது. மற்றவர்களுக்கெல்லாம் தீட்டு அன்றைக்கே கழிந்துவிட்டது. நான் இன்னும் மீசை வைக்கவில்லை, பங்காளி.