அஞ்சறைப் பெட்டியில் இருந்த சாவிகள்

ஏனுங்க, இன்று காலையில் கவிதா வந்து அஞ்சறைப் பெட்டியைத் திருப்பித் தந்துவிட்டுப் போனாள். மூடியைத் திறந்தேன். சீரக வாசம் இன்னும் போகவில்லை. என் அடுப்படியிலிருந்து இதை நீங்கள் தூக்கிக்கொண்டு போன அன்று நான் போட்ட சத்தம் உங்களுக்கு மறந்திருக்காது. "கிண்ணம் கிண்ணமா இருக்குது பாரு புள்ள, ஒண்ணோட ஒண்ணு கலக்காது. அனுப்பர்பாளையம் பாத்திரக்கடையில உனக்கு வேற வாங்கித் தர்றேன்" என்றீர்கள். வாங்கியும் தந்தீர்கள். ஆனாலும் இதுதானே என்னுடையது.

பனியன் துணிக்கு அளவு போடுகிற கம்ப்யூட்டர், எம்பிராய்டரி கம்ப்யூட்டர் என்று கம்பெனியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சாவி. விரல் நீளம்தான் இருக்கும், டாங்கிள் என்பீர்கள். அதைச் செருகினால்தான் சாஃப்ட்வேர் திறக்கும். ஒன்றின் சாவி இன்னொன்றுக்குச் சேராது. தொலைந்தால் லைசென்ஸே போயிற்று. அதனால் முதலாளி எல்லாவற்றையும் உங்களை நம்பி ஒப்படைத்தார். ஆறாவதோடு நின்ற எனக்கு நீங்கள் சொல்லித் தெரிந்தது இவ்வளவுதான்.

வேலை முடிந்ததும் சாவிகளைப் பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்துத் தூங்குவீர்கள். என் தம்பி மகள் காதுகுத்துக்குக் கணியூர் போனபோதுகூட பஸ்ஸில் அது உங்கள் மடியில்தான். என் பக்கம் ஒருதரம் திரும்பவில்லை. "மாப்ள, பொட்டியில நகைங்களா?" என்றாள் என் அம்மா. "லைசென்ஸுங்க அத்தை" என்றீர்கள். அம்மா என்னைத் தனியே இழுத்து, "ஏங்கண்ணு, இத்தாப் பெரிய லைசென்ஸா? மாப்ள லாரி ஏதும் வாங்கிட்டாரா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

பெட்டி மேல் இருந்தது சின்னப் பொறாமை. பெரிய பொறாமை கவிதா மேல். நெருப்பெரிச்சல் ஊரில் இருக்கிற கம்பெனி யூனிட்டில் உங்களுக்குக் கீழே வேலை பார்த்தவள். நீங்கள் சோற்றில் கை வைத்தால் அவள் போன் வரும். "அண்ணா, சிஸ்டம் சீரியல் நம்பர் கேக்குதுங்க." கண்ணை மூடிக்கொண்டு அந்த நீள நம்பரை எழுத்தும் எண்ணுமாகக் கடகடவென்று ஒப்பிப்பீர்கள். சோறு ஆறிப்போகும். "எம்பொறந்த நாள் எப்பங்க?" என்று ஒருநாள் கேட்டேன். "ஐப்பசி... இல்ல, கார்த்திகையா?" என்றீர்கள்.

ஒரு ஆயுத பூஜைக்கு அவள் சாவிகளுக்கெல்லாம் பொட்டு வைத்தாளே, செருகுகிற வாயிலேயே சந்தனத்தை அப்பி. மறுநாள் ஒரு கம்ப்யூட்டரும் திறக்கவில்லை. நீங்கள் பிரஷ் வைத்து ஒவ்வொன்றாகச் சுரண்டினீர்களாம். "சாமி உள்ளயே குடி போயிருச்சு கண்ணு" என்று அவளிடம் சிரித்தீர்களாம். வீட்டில் வந்து அதைச் சொல்லும்போதும் சிரிப்பு. நான் பெட்டியை ஈரத்துணியால் துடைத்ததற்கு அரைநாள் என்னோடு பேசாதவர் நீங்கள்.

பிறகு நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள், அதோடு எழவில்லை. கருமாதிகூட முடியவில்லை, கம்பெனியில் வேலை நிற்கிறது என்று சாவி கேட்டு அவள்தான் வந்தாள். கொடுக்க எனக்கு மனசில்லை. நீங்கள் கடைசியாகத் தொட்டு வைத்தது அது.

"எது எதுக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"ஸ்டிக்கர்ல நம்பர் அழிஞ்சு போச்சுங்க அக்கா. அண்ணன் நூல் சுத்தி வெச்சிருக்காருங்க, அந்தக் கலர வெச்சுத்தான்." ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். "அரக்கு, உங்க கல்யாணச் சேலைங்க. இது அளவு போடற சிஸ்டத்துக்கு. மயில்கழுத்து, உங்க கண்ணாடி வளையல். இது எம்பிராய்டரி. இந்த மாம்பழ மஞ்ச, காதுகுத்துக்கு நீங்க கட்டுன சேலையாமுங்க. எது எதுக்குன்னு மறந்தா அக்காள நெனச்சுக்க, ஞாபகம் வந்துரும்னு சொல்லுவாருங்க."

சொல்லிவிட்டு அழுதாள். நான் அழவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அந்தச் சேலை நன்றாக இருக்கிறது என்று என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதுண்டா நீங்கள்? என் வளையல் நிறம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நீங்கள் அதைப் பார்த்தீர்கள் என்பதே எனக்குத் தெரியாது.

"அந்த அரக்கு நூல எனக்குக் குடு" என்றேன்.

"கழட்டுனா எது எதுன்னு தெரியாம போயிருமுங்களே அக்கா."

பீரோவைத் திறந்து கல்யாணச் சேலையின் ஓரத்திலிருந்து ஒரு இழையை உருவினேன். உங்கள் நூலை முடிச்சு அவிழாமல் கழற்றிக்கொண்டு, அந்த இழையைச் சாவியில் சுற்றிக் கொடுத்தேன். "இப்பத் தெரியுமில்ல? பொட்டியோட எடுத்துட்டுப் போ."

இன்று வெறும் பெட்டியை நீட்டி, "இனி சாவியே இல்லீங்க அக்கா, லைசென்ஸெல்லாம் ஆன்லைன்ல வந்துருச்சு" என்றாள். டீ போட்டுக் கொடுத்தேன். அவள் எப்போது வந்தாலும் கேட்பதை இன்றும் கேட்டேன்: "வேற என்ன சொன்னாரு?"

யோசித்தாள். "நீங்க கோவிச்சுட்டா ரசத்துல உப்பு தூக்கலா இருக்குமாமுங்க. அன்னிக்கு மட்டும் ஆபீசுல சொம்பு சொம்பாத் தண்ணி குடிப்பாருங்க."

இரண்டு பேரும் சிரித்தோம். அவள் வாசல் தாண்டியதும் எனக்குப் பழைய எரிச்சல் வந்துவிட்டது. அவளிடம் நீங்கள் இன்னும் எவ்வளவு இருக்கிறீர்களோ, நான் இப்படித் துளித்துளியாகக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

பெட்டியைக் கழுவவில்லை. கடுகு, சீரகம், வெந்தயம் எல்லாம் பழையபடி போட்டாயிற்று. நடுக்கிண்ணத்தில் அரக்கு நூல், நீங்கள் போட்ட முடிச்சோடு. கவிதா அடுத்த தரம் வந்தால் டீ கொடுப்பேன், கேட்பதையும் கேட்பேன். பெட்டியை மட்டும் அவள் முன்னால் திறக்க மாட்டேன்.