ஊமையாக ஓடிய படம்

அன்புள்ளவருக்கு,

இங்கே ஜன்னல் வரைக்கும் பனி. டோக்கியோவில் சுரங்க ரயிலுக்குத் தோண்டும் வேலையில் முதுகைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறுவடை முடிந்து நீங்கள் கிளம்பியதும் மூன்று நாள் அக்கா வீட்டில் இருந்தேன் என்று எழுதினேன் அல்லவா? அக்கா வீடு இல்லை, சினிமா புரொஜக்டர் ஓட்டும் பயிற்சி. இருபது ஆண்கள், நான் ஒருத்தி. சான்றிதழ் அரிசிப் பெட்டிக்குள் இருக்கிறது.

ஞாயிறு மதியம் ஊர் மன்றத்தில் நான்தான் படம் ஓட்டினேன். சமையலறையைத் திருத்தி அமைப்பது பற்றிய படம். ஐந்தே நிமிடத்தில் படச்சுருளிலிருந்து சத்தத்தை எடுத்துத் தரும் சின்ன விளக்கு எரிந்துபோய்ப் படம் ஊமையாகிவிட்டது. மாற்று விளக்கு எடுத்துவராதது என் தப்பு.

"பொம்பள கையில மெஷினக் குடுத்தா இப்படித்தான்!" என்றார் வாலிபர் சங்கத் தலைவர் குமகாய். உங்கள் வாயிலும் ஒருமுறை இதைக் கேட்டிருக்கிறேன். அது போகட்டும். நான் நிறுத்தவில்லை.

திரையில் ஒரு மருமகள் குனிந்து அடுப்பு ஊதினாள். இருட்டில் ஒருத்தி அவளுக்குக் குரல் கொடுத்தாள்: "ஐயோ, இடுப்பு போச்சே!" அவ்வளவுதான், ஆளுக்கொரு வசனம். படம் முடிந்து நடக்கும் கலந்துரையாடலில் ஒருநாளும் வாய் திறக்காத பெண்கள்!

திரையில் மாமியார் வந்ததும் எல்லோரும் கப்சிப். முன்வரிசையிலிருந்து உங்கள் அம்மாவின் குரல் வந்தது:

"நானும் நாப்பது வருசம் இப்படிக் குனிஞ்சவதான்டி. போதும், நம்ம வீட்டு அடுப்ப ஒசத்திக் கட்டு."

நேற்றே கொத்தனார் வந்துவிட்டார். பனி உருகி நீங்கள் வரும்போது நான் நிமிர்ந்து நின்று சமைத்துக்கொண்டிருப்பேன். வேறு யாரோ என்று வாசலிலேயே நின்றுவிடாதீர்கள்.

படம் ஓட்டுகிற
உங்கள் மனைவி