திருவாதிரை மங்கிய தை மாதம்

இன்று சாயங்காலம் ஒடுகத்தூர் பஸ்ஸில் மலையிறங்கும்போது பிரேக் சூடேறிய வாடை அடித்தது. ஓய்வு பெற்ற கண்டக்டர்தான் நான். ஆனாலும் கை தானாக விசிலைத் தேடியது. உன் ஸ்டியரிங்கில் யாரோ புது டிரைவர். நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது, மச்சான். உனக்குக் கண் தெரியவில்லை என்று நான் புகார் சொன்ன அந்தத் தை மாதத்தைப் பற்றி இப்போதாவது பேசிவிடுகிறேன்.

மலைமேல் வண்டியோடு தங்கும் நாட்களில், பொழுது சாய்ந்ததும் கிழக்கே திருவாதிரையைப் பார்ப்போம். அங்கிருக்கும் தொலைநோக்கிக் கூடத்தில் வேலை பார்த்த ஒருவர் பழக்கிவிட்டது. கிழட்டுச் சிவப்பு நட்சத்திரம் அது. சூரியன் இருக்கும் இடத்தில் வைத்தால் நம் பூமியையும் விழுங்கிவிடுமாம். உப்பும், சுருங்கும், வெளிச்சமும் கூடிக் குறையும். பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, ஆளுக்கொரு பழைய டிக்கெட்டின் பின்னால் மறைத்து எழுதுவோம். எழுதிய பிறகுதான் காட்டிக்கொள்வோம். பல வருஷமாக இரண்டும் ஒத்துப்போயின.

அன்று நீ எழுதியிருந்தது, 'பக்கத்து வெள்ளை நட்சத்திரம் அளவுதான்.' நான் எழுதியது, 'வெள்ளையைவிட நல்ல பிரகாசம்.'

"இன்னாடா இது? உனக்கு சக்கர வேற இருக்குது. கண்ணு மங்குதா?"

"என் கண்ணு நல்லாத்தான் இருக்குது. அதுதான் மங்கிப்போச்சு."

"நட்சத்திரம் எங்கியாவது இவ்ளோ மங்குமா? காலைல வண்டிய எடுக்காத மச்சான்."

"நான் எடுக்கலன்னா யாரு, நீ எடுப்பியா?"

மறுநாள் காலை நீதான் எடுத்தாய். புளி மூட்டைகளும் பள்ளிப் பிள்ளைகளுமாக வண்டி நிறைந்திருந்தது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் கம்பியை இறுக்கிப் பிடித்தேன். டிக்கெட் போடுவதைக்கூட மறந்து உன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். கீழே வந்ததும், உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் டிப்போ அதிகாரியிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

உன்னை வண்டியிலிருந்து இறக்கி, கண் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். தேறாவிட்டால் அதோடு ஸ்டியரிங் இல்லை. வேறு வேலை உனக்குத் தெரியாது. முடிவு வரும்வரை டிப்போ பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். நான் தாண்டிப் போனபோது தலை நிமிரவில்லை.

உன் கண்ணில் ஒரு பழுதும் இல்லை என்று வந்தது. பேப்பரிலும் செய்தி வந்தது: திருவாதிரை என்றுமில்லாத அளவுக்கு மங்கிவிட்டதாம். அது தானே கக்கிய தூசு மறைத்துவிட்டது என்று பின்னால் சொன்னார்கள். நானும் போய்க் கண்ணைக் காட்டினேன்; பழுது என் கண்ணில்தான். புரை விழுந்தால் வெள்ளை வெளிச்சம் மங்கித் தெரியும், சிவப்பு அந்த அளவுக்கு மங்காது என்றார் டாக்டர்.

ஆபரேஷனுக்கு என்னைக் கூட்டிப்போனவன் நீ. கட்டுப் பிரித்த அன்று கேட்டாய்:

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. டிப்போல போய் சொன்னியே, ஜனங்களுக்காகத்தானே?"

"ஆமா மச்சான். வண்டியில புள்ளைங்க இருந்துச்சே."

"அப்ப சரி, வுடு."

அதன்பிறகு அந்தப் பேச்சை நீ எடுக்கவேயில்லை. வளைவுகளில் நான் பயந்தது நிஜம். ஆனால் அதிகாரியின் அறைக்குள் நுழைந்தபோது பிள்ளைகள் என் நினைவில் இல்லை. நான் எழுதியது தப்பாக இருக்க முடியாது என்ற வீம்பு மட்டும்தான் இருந்தது. உன்னிடம் பொய் சொன்னேன். நீ நம்பி, கடைசி நாள்வரை என்னை உன் வண்டியில் ஏற்றிக்கொண்டாய். பொய்யைச் சொல்லி வாங்கிய மன்னிப்பு அது, மச்சான். திருப்பிக் கொடுக்க நீ இல்லை.