சட்டைப் பாட்டின் மூன்றாம் சரணம்

3 பெப்ரவரி, செவ்வாய்

பனிப்புகார். எதிர் மாடி தெரியவில்லை. தெரிந்தாலும் பார்க்க ஒன்றுமில்லை.

இந்தக் கொப்பி ரெகுலா தந்தது. நாடகத்தை நடத்துகிறவள், என் மகள் வயது இருக்கும், எந்த நாளும் அதே கறுப்புக் காற்சட்டை. நிகழ்ச்சி முடியும்வரை எல்லாரும் தங்கள் தங்கள் பாஷையில் தினமும் எழுத வேண்டுமாம். ஒருவரும் வாசிக்க மாட்டார்களாம். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்குக் கொப்பி! என் வாத்தியார் கண்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

நிகழ்ச்சி இதுதான்: நூறு வருடத்துப் பழைய ஜெர்மன் நாடகப் பாட்டுகள், புது உடுப்புப் போட்டு. உர்ஸ் பியானோவையும் கம்ப்யூட்டரையும் சேர்த்துத் தட்டுகிறான், தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி. நடிகர்கள் இல்லை. தியேட்டரில் வேலை செய்கிறவர்களே பாட வேண்டும். சாராயக்கடைக்காரியின் பாட்டு கன்ரீனில் வேலை செய்கிற லூர்தஸுக்கு. போர்த்துக்கல்காரி, குரல் லொறி ஹோர்ன். எனக்குச் சட்டைப் பாட்டு. கீழ் மாடியில் மேடை உடுப்புத் தோய்த்து அயன் பண்ணுகிறவள் நான்தானே.

பாட்டில் ஒரு பெண். புருஷன் சண்டைக்குப் போய்விட்டான். சனிக்கிழமை தோறும் அவன் சட்டையை அயன் பண்ணுகிறாள். முதல் சரணம் அயன். இரண்டாம் சரணமும் அயன். மூன்றாவதில் கடிதம் வருகிறது.

"நீ அழுவாய்" என்றாள் லூர்தஸ்.
"அழுதால் சட்டை நனையும். திரும்பவும் நான்தான் அயன் பண்ண வேணும்."

பின்னேரம் மச்சாள் கறிவேப்பிலை கேட்டு வந்தார். சின்னண்ணையின் மனைவி வசந்தா, எங்களுக்கு இரண்டு மாடி மேலே. சின்னண்ணை ஊரில் நடந்த கடைசிச் சண்டையில் காணாமல் போனவர். செத்ததைக் கண்டவர் இல்லை, பிடித்ததைக் கண்டவரும் இல்லை. மச்சாளின் பொட்டு இன்றும் சுவிஸ் ஐந்து ராப்பன் குத்திக் காசு அளவு. ஊர் சிம் போட்ட பழைய போன் ஒன்று, வெள்ளி தோறும் சார்ஜ் ஏற்றுகிறார். அந்த நம்பர்தான் சின்னண்ணைக்குப் பாடமாகத் தெரிந்தது.

"என்ன மகாராணி, போன் வயிறு நிரம்பிச்சோ?" என்றேன். வழமையான பகிடி.
"உன்ர வாய்க்குத்தான் முதலில பூட்டுப் போட வேணும்" என்றார். சிரித்தார்.

பாட்டைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

5 பெப்ரவரி, வியாழன்

ஒத்திகை. ஜெர்மன் வரிகளைக் காதால் கேட்டுப் பாடமாக்கியாயிற்று. அந்தக் காலத்துப் பாட்டுக்காரிகள் அழாமல், முகத்தை மரம் மாதிரி வைத்து, சனத்தைப் பார்த்துப் பாடுவார்களாம். எனக்கு முகத்தை மரமாக்கத் தெரியாது. லூர்தஸ் பின்னால் நின்று மூக்கைச் சுருக்கினாள். சிரித்துவிட்டேன். மூன்று தரம் திரும்ப.

பிறகு ரெகுலாவுக்கு ஒரு யோசனை. கடிதம் வருகிற இடம் தமிழில் வரட்டும். "உங்கட பெண்கள் செத்தவைக்கு அழுகிற மாதிரி."

பிழை என்னுடையது. போன மாதம் நான்தான் பீற்றினேன், இங்கே எம்மன்புரூக்கேயில் எங்கள் ஆட்களின் செத்த வீடு என்றால் ஒப்பாரிக்கு என்னைத் தேடுவினம், கலியாண வீட்டுக்கு மட்டும் கூப்பிடாயினம் என்று.

முதலில் பொதுவாக ஒப்பாரி வைத்தேன். ஐயா, ராசா என்று. உர்ஸ் தலையாட்டவில்லை. ரெகுலா: "ஆருக்காவது பாடு."

கண்ணை மூடினேன். அப்பாவுக்கு வைக்கத்தான் நினைத்தேன். வாயில் வந்தது சின்னண்ணை.

முடிய, லூர்தஸ் ஏப்ரனால் முகத்தைத் துடைத்தாள். "இந்தக் குரலோட மீன் வித்திருந்தா நான் இப்ப கோடீஸ்வரி" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

உயிரோடு இருக்கக்கூடிய ஆளுக்கு ஒப்பாரி வைக்கக்கூடாது. எனக்குத் தெரியாததா.

9 பெப்ரவரி, திங்கள்

மழை. மெஷின் இரண்டு பழுது. ரெகுலா ஒரு தாள் நீட்டினாள், விளம்பரத்துக்கென்று. என் படம் போஸ்டரில் வரப்போகிறது என்று நினைத்து யா யா என்று கையெழுத்து வைத்தேன். தலைக்கு மை பூச வேண்டும்.

வாங்க: பச்சை மிளகாய், மை, பேத்திக்குச் சப்பாத்து நாடா.

12 பெப்ரவரி, வியாழன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

பாஸ்நாக்ட் திருவிழா தொடக்கம். காலையிலிருந்து முகமூடி, மேளம், ஊதுகுழல். நாலு மணிக்குத் தலை முழுக்கக் கலர்க் கடதாசித் துண்டோடு வீட்டுக்கு வந்தேன். மச்சாளின் வாசலில் சப்பாத்துகள். பத்துப் பன்னிரண்டு சோடி, படியிலும் வரிசை. மகாராணி எங்களுக்குச் சொல்லாமல் விருந்து வைக்கிறா என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனேன்.

பெண்கள் நிலத்தில் இருந்தார்கள். நடுவில் மச்சாள், சுவரோடு. குசினி மேசையில் பெரிய சோற்றுச் சட்டி, மூடியோடு. செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்று எங்கள் ஆட்களில் மூத்தவ புவனேசக்கா சமைத்துக் கொண்டுவந்திருக்கிறா. ஒருவரும் அவருடைய பொட்டைத் தொடவில்லை. ஆனால் எல்லாரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

புவனேசக்கா எழும்பி என்னைக் கட்டிப்பிடித்தா. "எப்ப பிள்ளை செய்தி வந்தது? ஜெனீவாவிலயிருந்து என்ர தங்கச்சி இந்த வீடியோவை அனுப்பினவள். கூர்ப் பக்கத்திலயிருந்தும் போன் எடுத்துக் கேக்கினம்." போனை நீட்டினா. போனுக்குள்ளிருந்து என் குரல். சின்னண்ணை, சின்னண்ணை என்று.

நான் கையெழுத்து வைத்த தாள் போஸ்டருக்கில்லை, ஒத்திகையை எடுத்த வீடியோவுக்கு.

"அது நாடகம்" என்றேன்.
"என்ன?"
"நாடகம், அக்கா. தியேட்டரில. செய்தி ஒண்டும் வரேல்லை."
"நாடகமோ? கூடப்பிறந்தவனை வைச்சோ?"

ஒவ்வொருவராகச் சப்பாத்துப் போட்டார்கள். நாடா கட்டுகிற நேரம் அவ்வளவு நீளமென்று இன்றுதான் தெரியும். வெளியே மேளம்.

மச்சாள் கடைசியாகத்தான் வாய் திறந்தார். "உனக்கு முந்தியே தெரிஞ்சு, எனக்குச் சொல்லாமல் மேடையில போய்ச் சொல்லிப்போட்டாய் எண்டு நினைச்சன், மங்கை."

"இல்லை மச்சாள்."

"போ."

என் தலையிலிருந்து கடதாசித் துண்டுகள் அவர் வீட்டு நிலமெல்லாம். கூட்டிவிட்டாவது வந்திருக்கலாம்.

13 பெப்ரவரி, வெள்ளி

கதவு திறக்கவில்லை. காலை ஏழு, மத்தியானம், பின்னேரம்.

எங்கள் கட்டிடத்தின் கீழே, எல்லாரும் முறை வைத்துத் தோய்க்கும் அறையில் இன்று மச்சாளின் முறை. வரவில்லை. மூன்றாம் மாடி சுவிஸ்கார மனுசி அந்த நேரத்தைத் தான் எடுக்கவா என்று கேட்டா. நேற்றைய சப்பாத்துகளைப் பற்றியும் கேட்டா. இல்லை, ஓம், மன்னிக்கவும். மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

பாட்டில் வருகிறவளுக்குச் சட்டை ஒன்றாவது இருக்கிறது. மச்சாளிடம் அதுவுமில்லை. யாருடையதோ கலியாணப் படத்தில் வெட்டி எடுத்த சின்னண்ணையின் தலை மட்டும். பக்கத்தில் நின்றவரின் காது ஒட்டிக்கொண்டு இருக்கிறது. முன்பெல்லாம் அதைச் சொல்லிச் சிரிப்போம்.

16 பெப்ரவரி, திங்கள்

ரெகுலாவுக்கு எல்லாம் சொன்னேன். என் ஜெர்மன் போதவில்லை, லூர்தஸ் தன் ஜெர்மனைச் சேர்த்தாள், இரண்டும் சேர்ந்து ஒரு மாதிரி விளங்கிற்று. உடனே அந்த வீடியோவை இணையத்திலிருந்து நீக்கிவிட்டாள். கண் கலங்கி, "ஆனா மங்கை, அது அவ்வளவு உண்மையாய் இருந்தது" என்றாள்.

"அதுதான் பிழை" என்றேன்.

மூன்றாம் சரணத்துக்குப் பியானோ மட்டும். முடிவு. உர்ஸ் ஒன்றும் பேசாமல் எனக்கு ஒரு பாஸ்நாக்ட் பலகாரம் தந்தான். எண்ணெய் மணம். சாப்பிடவில்லை. பின்பு சாப்பிட்டேன்.

20 பெப்ரவரி, வெள்ளி

மேளம் ஓய்ந்து, தெருவெல்லாம் ஈரக் கடதாசி. பத்தாம் தரம் தட்டினேன். திறந்தார்.

சோற்றுச் சட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது, புவனேசக்காவிடம் கொடுக்க. பழைய போன் சார்ஜ் வயரில்.

தேத்தண்ணி போட்டார். சீனி போடவில்லை, கேட்கவுமில்லை. குடித்தேன்.

"அண்டைக்கு அவையள் வந்து ஒரு அரை மணித்தியாலம், முடிஞ்சுது எண்டு இருந்தன்" என்றார். "நெஞ்சு லேசாய்ப் போச்சு, மங்கை. பதினாறு வருசத்தில முதல் தரம். இனி போன் பாக்கத் தேவையில்லை எண்டு நினைச்சன். நீ வந்து நாடகம் எண்டு சொன்னாய். எனக்கு உன்னில கோவம் ஏன் வந்தது தெரியுமோ? பாடினதுக்கில்லை. பொய் எண்டு சொன்னதுக்கு."

"நான் எப்பிடிப்பட்ட பொம்பிளை" என்றார்.

"நல்ல பொம்பிளை. தேத்தண்ணி மட்டும் மோசம்."

உதடு கொஞ்சம் அசைந்தது. வாசல்வரை வந்து: "ஞாயிற்றுக்கிழமை நான் வருவன். பாடு. ஆனா அந்த மனிசனைச் சாகடிக்காதை."

வந்து படுக்கையில் இருந்து யோசித்தேன். ஒப்பாரி மெட்டு ஒன்றுதான் எனக்குத் தெரியும். சாகாத ஆளுக்கு அந்த மெட்டில் என்ன சொல்வது?

அயன் பண்ணினேன். ஒன்பது சட்டை. ஏழாவது சட்டையில் சின்னண்ணையின் கலியாண நாள் ஞாபகம் வந்தது. மாப்பிள்ளை ஒன்றரை மணித்தியாலம் பிந்தி வந்தார். யாரோ சிநேகிதனைக் கூப்பிடச் சைக்கிளில் போய், வழியில் செயின் அறுந்ததாம். கையெல்லாம் கிறீஸ். மணவறையில் மச்சாளுக்கு மாலை வாடிப்போயிற்று. நான் எல்லாருக்கும் முன்னால் கிழிகிழி என்று கிழித்தேன். அதன் பிறகு எதற்குப் பிந்தினாலும் வீட்டில் ஒரே கேள்விதான்: செயின் அறுந்ததோ?

22 பெப்ரவரி, ஞாயிறு

வெயில். மலை தெரிந்தது. ஐந்து மணிக்கு நிகழ்ச்சி, மண்டபம் நிறைந்தது. புவனேசக்கா இல்லை. எங்கள் ஆட்கள் ஒருவரும் இல்லை, மச்சாளைத் தவிர. மூன்றாம் வரிசை, இரண்டு வெள்ளைக்கார மனுசிகளுக்கு நடுவில். சிவப்புச் சேலை. பொட்டு இன்று இரண்டு மடங்கு. மேடையிலிருந்து அது ஒன்றுதான் தெரிந்தது.

முதல் சரணம். இரண்டாம் சரணம். முகம் மரம், வந்தது, பயத்தில். பிறகு உர்ஸ் மெதுவாகத் தட்டத் தொடங்கினான், என்னைப் பார்க்கவில்லை, பியானோ மட்டும் என்றுதானே பேச்சு. நான் அயன் பெட்டியை வைத்துவிட்டு நெஞ்சில் கை வைத்துப் பாட்டை எடுத்தேன். ஒப்பாரி மெட்டுத்தான். சொல் வேறு.

சோறு ஆறிப் போச்சுதெல்லோ, சின்னண்ணை
சொதியும் திரைஞ்சு போச்சுதெல்லோ
கட்டினவள் தலை நரைச்சா, சின்னண்ணை
மை பூச ஆள் வேணுமெல்லோ
இண்டைக்கும் செயின் அறுந்ததோ, சின்னண்ணை
இன்னும் செயின் பூட்டுறியோ

முன் வரிசை முழுக்கக் கைக்குட்டை. ஒரு சொல் விளங்காமல் அழுகிறார்கள். மச்சாளுக்குப் பக்கத்து மனுசி அவரிடம் கடதாசிக் கைக்குட்டை ஒன்றை நீட்டினா.

மச்சாள் சிரித்தார்.

சத்தமாக. அந்த மண்டபத்திலே அவர் ஒருவர்தான். ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாயைப் பொத்தினார், பொத்தியும் நிற்கவில்லை. தோள் குலுங்கியது. நான் கடைசி வரியை இரண்டாம் தரம் பாடினேன், அவருக்காக. அப்போதும் சிரித்தார். எவ்வளவு காலமாயிற்று.

பிறகு கை தட்டல், பூ, லூர்தஸின் முத்தம். ரெகுலா: "என்ன சொன்னனீ? எல்லாரும் அழுதவை, அவ மட்டும்..." பிறகு சொல்கிறேன் என்றேன்.

பஸ்ஸில் பின் சீற்றில் இருந்தோம். மச்சாள் பூங்கொத்தை மடியில் வைத்திருந்தார், சிரிப்பு இன்னும் வாயோரத்தில். பாலம் தாண்டியதும் அது போயிற்று. யன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"மங்கை. பகிடி விடாமல் சொல்லு. செயின்தானோ?"

இறங்குவதற்கு மணியை அழுத்தினேன். எங்கள் தரிப்பிடம் வந்தது. பூவை நான் வாங்கிக்கொண்டேன், அவர் கைப்பையைத் திறந்து பழைய போனைப் பார்த்தார், இறங்கினோம்.