அப்பாவின் காலோடு போய்ப் பார்த்த கல்லூரி

அன்பு அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. இந்தக் கடிதத்தில் அந்த வரி பொய்யாகிவிடும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நம் வீட்டில் இருப்பது ஒரே அறை. அப்பா கட்டிலில் படுத்திருக்கிறார், அவருக்கோ பாம்புச் செவி. மாடிப்படிக்குப் போய்ப் பேசினாலும் "யாருகிட்ட குசுகுசுன்னு பேசற?" என்று குரல் வருகிறது. அதனால் கண் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சீட்டு எழுதும் என் மேசையில், மதிய இடைவேளையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அது மேசையின் குற்றம்.

இரண்டு கல்லூரிகளிலும் உனக்கு இடம் கிடைத்திருக்கிறது, வரும் வெள்ளிக்கிழமைக்குள் எந்தக் கல்லூரி என்று நீ பதில் சொல்ல வேண்டும். போன வாரம் பேசியபோது பக்கத்துக் கல்லூரிதான் என்று முடிவே கட்டிவிட்டாய். தையல் ஆலை விடுதியைக் காலி செய்துவிட்டு வீட்டோடு வந்துவிடலாம், தெருவிலிருந்து நடந்தே வகுப்புக்குப் போகலாம், அப்பாவையும் பார்த்துக்கொள்ளலாம் என்று அடுக்கினாய். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்றும் கேட்டாய். நான் உம் கொட்டினேன். இரண்டு கல்லூரிகளையும் நேரில் பார்த்துவிட்டு வந்த நான், பார்த்ததில் பாதியைத்தான் உனக்குச் சொல்லியிருந்தேன். மீதியைச் சொல்லாமல் உன்னை முடிவெடுக்க விடுவது நியாயமில்லை.

பக்கத்துக் கல்லூரிக்கு நான் தனியாகத்தான் போவதாக இருந்தேன். அப்பா விடவில்லை. அந்தக் காலத்தில் அவர் எனக்குக் கல்லூரி பார்த்த அழகு உனக்குத் தெரியுமே. வாசல் சுவரைத் தடவிப் பார்த்து, "ப்ரைமர் அடிச்சு அதுக்கு மேல ரெண்டு கோட்டு குடுத்திருக்கான். சுவத்துக்கே இவ்வளவு பாக்கிறவன் பிள்ளைங்களுக்குப் பாக்கமாட்டானா?" என்றார். அந்தச் சுவரை நம்பி நான் மூன்று வருஷம் படித்தேன். அங்கே நூலகம் திறந்திருந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பெயின்ட்டர் வீட்டுப் பெண் பெயின்ட்டைப் பார்த்து ஏமாந்தாள் என்று வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். இந்த முறை கிளம்பும்போதே, "நான் சுவத்துப் பக்கமே திரும்பமாட்டேன், போதுமா?" என்று சொல்லிவிட்டுத்தான் அப்பா சட்டையை மாட்டினார்.

அவர் வேறொன்றை யோசித்து வைத்திருந்தார். சாரத்திலிருந்து விழுந்த வருஷத்திலிருந்து அவரைத் தாங்கி வருகிற செயற்கைக் கால், நீ பட்டை மாற்றி மாற்றித் தைத்துக் கொடுத்த அதே கால், சில வாரங்களாகவே அவரைக் கடித்துக்கொண்டிருந்தது. நீ சேரப்போவது செயற்கைக் கை கால் செய்யும் படிப்பு. அவர்கள் அதைச் சரிசெய்யட்டும், பார்க்கலாம் என்பது அவர் கணக்கு. பட்டறையைக் காட்டச் சொன்னார். காட்டினார்கள். பெரிய கூடம், வரிசையாக இயந்திரங்கள், எல்லாவற்றின் மேலும் வாங்கி வந்த நாளில் இருந்த பிளாஸ்டிக் உறை. அப்பா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பேன்ட்டை மடித்துவிட்டு, காலைக் கழற்றி மேசைமேல் வைத்து, "கடிக்குது, என்னன்னு பாருங்க" என்றார். பொறுப்பாசிரியர், அலுவலகத்தில் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனவர்தான், திரும்பவில்லை. கடைசி வருஷம் படிக்கும் பையன் ஒருவன் மட்டும் நின்றான். "புத்தகத்துல இருக்குங்கய்யா. தொட்டுப் பாத்ததில்ல" என்றான். பாவம், உண்மையைச் சொன்னான். அவன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று அப்பா வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்தார். அன்றைக்கு அவர் மூன்று இடத்தில் நின்று நின்று நடந்ததைக் கால்வலி என்றுதான் நினைத்தேன்.

தூரத்துக் கல்லூரிக்கு அவரால் வர முடியாது. "நான் வரலைன்னா என்ன, கால் வரட்டும்" என்றார். பக்கத்து வீட்டு அத்தையை அவருக்குத் துணைக்கு வைத்துவிட்டு, காலைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினேன். பையின் வாய் சின்னது, பாதம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எதிரில் இருந்த அம்மாள் இரண்டு ஸ்டேஷன் வரை பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு பெட்டிக்குப் போய்விட்டார். அவர் இடத்தில் காலை நீட்டிக்கொண்டு போனேன், என் காலைத்தான்.

அந்தக் கல்லூரியின் சுவர்களில் காரை பெயர்ந்திருக்கிறது. பட்டறையில் தரையெல்லாம் மாவுக்கட்டுப் பொடி, படிக்கிற பிள்ளைகளின் முட்டி வரைக்கும் வெள்ளை. நான் காலை மேசைமேல் வைத்ததும் வேலையை விட்டுவிட்டு நாலைந்து பேர் வந்தார்கள். அவர்களில் ஒருத்தி, மூன்றாம் வருஷமாம், காலைத் தொடுவதற்கு முன்னாலேயே கேள்வி கேட்டாள். இவர் என்ன வேலை பார்த்தவர், ஒரு நாளைக்கு எவ்வளவு நடப்பார், காலையில் கடிக்கிறதா சாயங்காலமா. எனக்குப் பாதிக்குப் பதில் தெரியவில்லை. பிறகு விளக்கடியில் பிடித்து உள்பக்கத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். நீ தைத்த பட்டையில் நின்று, "இதைத் தச்சவங்க அவரை நடக்கவிட்டுப் பாத்துத் தச்சிருக்காங்க" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவங்கதான் இங்கே படிக்க வரப்போறாங்க என்று சொல்லிவிட்டேன்.

இதுவரை உனக்குச் சொல்லியிருக்கிறேன். இதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லவில்லை.

அந்தப் பெண் ஆசிரியையைக் கூப்பிட்டாள். இருவரும் என் முன்னாலேயே பேசிக்கொண்டார்கள். அப்பாவின் மிச்சக் கால் செயற்கைக் காலின் கூட்டுக்குள் முழுதாக இறங்கவில்லை, மேல்விளிம்பிலேயே நின்றுவிடுகிறது, அந்தத் தேய்மானம் புதிது என்று காட்டினார்கள். கடைசியில் அந்தப் பெண் என்னிடம், "கால்ல ஒரு தப்பும் இல்லக்கா. அவருக்குத்தான் வீங்குது. இன்னொரு காலையும் பாருங்க. இதைச் சரிபண்ண எங்ககிட்ட குடுக்காதீங்க, அவரை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் நல்ல காலை அழுத்திப் பார்த்தேன். விரல் பதிந்த குழி அப்படியே இருந்தது. தினமும் பார்க்கிற கால், எனக்குத் தெரியவில்லை. மறுநாளே பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அக்கா, அப்பாவின் இதயம் மிகவும் பலவீனமாகிவிட்டது. அதனால்தான் காலில் நீர் கோத்துக்கொள்கிறது. மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது. அறுவை சிகிச்சையை அவர் உடம்பு தாங்காதாம். எவ்வளவு நாள் என்று கேட்டேன். இந்த வருஷத்தைத் தாண்டினால் நல்லது என்றார் டாக்டர். அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "அக்காகிட்ட சொல்லாத. சொன்னா அவ போகமாட்டா" என்பதுதான். சரி என்று தலையாட்டினேன். அந்த வாக்கைத்தான் இப்போது மீறுகிறேன். அவர் இருக்கும் நிலை தெரியாமல் நீ போய், அவர் இல்லாதபோது தெரிந்துகொண்டால் அந்தப் படிப்பை நீ வாழ்நாள் முழுக்க வெறுப்பாய். என்னையும்தான்.

இப்போது உனக்கு எல்லாம் தெரியும். இனி என் புத்திக்கு எட்டியதைச் சொல்கிறேன். நீ அப்பாவுக்காகப் பக்கத்துக் கல்லூரியில் சேர்ந்தால் அப்பா ஒரு வருஷம் இருப்பார், படிப்பு நாலு வருஷம் இருக்கும். மிச்ச வருஷமெல்லாம் உறை பிரிக்காத இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் உன்னை நினைத்தால் இதைத்தான் எழுத வேண்டியிருக்கிறது. முன்பின் பார்த்திராத ஒருவரின் நோயை அவர் காலைப் பார்த்தே கண்டுகொள்ளும் அளவுக்கு ஒரு இடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். நீ அங்கே படிக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது அக்கா. ஆலையில் உனக்கு வர வேண்டிய விடுப்பை எல்லாம் எடுத்துக்கொண்டு உடனே வீட்டுக்கு வா. கல்லூரி திறக்கும் வரை அப்பாவோடு இரு. பிறகு கிளம்பு. இங்கே நான் இருக்கிறேன்.

போனால் ஒழுங்காகப் படி. வயதைக் காரணம் காட்டிக் கடைசி பெஞ்சில் போய் உட்காராதே. முதல் நாள் உன்னை டீச்சர் என்று நினைத்துப் பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள், நீயும் சிரித்துவிடு. புரியாததை அன்றைக்கே கேள், ஊமை கண்ட கனவாக மனதுக்குள் வைத்துக்கொள்ளாதே. விடுதியில் யாருக்கும் பொத்தான் தைத்துக் கொடுக்காதே. ஒருத்திக்குத் தைத்தால் மறுநாள் அறை வாசலில் சட்டை மூட்டை வந்து நிற்கும், உனக்கும் இல்லை என்று சொல்ல வராது. எனக்கு நீதான் அம்மாவாகவும் இருந்தாய், அங்கே நீ யாருக்கும் அம்மா இல்லை, அக்காவும் இல்லை. பதினேழு வயதில் நீ படிப்பை விட்ட இடத்திலிருந்து தொடங்கு. அந்த மூன்றாம் வருஷப் பெண்ணைத் தேடிப் பிடித்துச் சிநேகம் செய்துகொள். அப்பா எப்படியிருக்கிறார் என்று அவள் கேட்பாள், உள்ளதைச் சொல்.

இவ்வளவுக்குப் பிறகும் வீட்டோடு இருப்பதுதான் சரி என்று உனக்குத் தோன்றினால் பக்கத்துக் கல்லூரிக்கே எழுதிவிடு. நான் ஒரு சொல் குறை சொல்லமாட்டேன். அப்பாவைச் சமாளிப்பது என் பொறுப்பு.

நேற்று மாத்திரை கொடுக்கும்போது, அவ என்ன முடிவு பண்ணியிருக்கா என்று கேட்டார். யோசிக்கிறாள் என்றேன். "யோசிக்க என்ன இருக்கு? போகச் சொல்லு" என்றார். தெருமுனைக் கடைக்குப் போகிறவரிடம்கூடப் போயிட்டு வா என்று சொல்லும் மனுஷர் அவர். மீதியையும் சொல்வார் என்று டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவர் வாயில் வராததை நான் சொல்கிறேன். போய்விட்டு வா அக்கா. நான் கூப்பிடும் வரை படி. கூப்பிட்டால், எந்தப் பரீட்சையாக இருந்தாலும், என்ன ஏது என்று கேட்காமல் கிளம்பி வந்துவிடு.

உன் தங்கை,
வாலு