கழுத்து மருவும் பூண்டும்

என்னங்க,

வேறு மாதிரி கூப்பிட இன்னும் பழகவில்லை.

உங்கள் கழுத்து மரு நம் கல்யாணப் போட்டோவிலேயே இருக்கிறது. எடுத்துவிடலாம் என்று நான் சொன்னபோதெல்லாம், "அது பாட்டுக்கு இருக்கட்டும்டி, உன்ன என்ன பண்ணுது?" என்றீர்கள். போன கோடையில் நீங்களாகவே வந்து, "காலர் உரசுதுடி, ஏதாவது பண்ணு" என்று கழுத்தைக் காட்டினீர்கள். சமையலறை நாற்காலியில் உட்காரவைத்து, சுற்றியுள்ள தோல் வெந்துவிடாமல் வாஸ்லின் தடவி, மருவின்மேல் பூண்டை நசுக்கி வைத்து, தினமும் பிளாஸ்திரி ஒட்டினேன். மரு கறுத்து உதிர்ந்தது. அந்த வாரமே, "கொஞ்ச நாள் தனியா இருந்து பாக்கறேன்" என்று நீங்களும் பெட்டியோடு கிளம்பினீர்கள்.

நேற்று உங்கள் அலுவலகத்துப் பெண் போன் செய்தாள்.

"அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. இவருக்குக் கழுத்துல மறுபடியும் ஒண்ணு முளைச்சிருக்கு. எனக்கு அதப் பாத்தாலே ஒரு மாதிரி இருக்கு, போன தடவையே சொல்லித்தான் எடுக்க வெச்சேன். நீங்க ஏதோ பூண்டு வெப்பீங்களாமே?"

ஆக, உறுத்தல் காலருக்கு இல்லை. மாப்பிள்ளையை நானே அலங்கரித்து அனுப்பியிருக்கிறேன்.

தப்பாக நினைக்க இனி என்ன பாக்கி? பொறுமையாகவே சொல்லிக்கொடுத்தேன். நசுக்கணும், வைக்கணும், இறுக்கி ஒட்டணும். பாவம், எழுதிக்கொண்டாள்.

வாஸ்லினை மட்டும் சொல்லவில்லை.

இந்தக் கடிதம் வருவதற்குள் கழுத்து வெந்திருக்கும். டாக்டரைப் பாருங்கள். இங்கே வந்து நாற்காலியைத் தேடவேண்டாம். அதைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
சட்டப்படி இன்னும் உங்கள் மனைவி